ஜன்னலோரத்தில் தங்கராசு அண்ணன்

சிலமலையிலிருந்து போடிக்கு வரும் காலைப் பேருந்தில் நின்றுகொண்டு வந்தபோது எங்கள் குடோன் ராக்கம்மா அக்காவின் போன் வந்தது. கூட்டத்தில் பைக்குள் கையை விட்டு எடுப்பதற்குள் அது ஓய்ந்து, மறுபடி அடித்தது. அக்கா ஒரே விஷயத்துக்கு மறுபடி கூப்பிடுகிறவர் இல்லை. "அண்ணன் போயிட்டாரு. நீ குடோனுக்குப் போகாத, நேரா வீட்டுக்கு வந்துரு" என்றார். அப்போது பார்த்து பக்கத்தில் நின்றவர் என் காலை மிதித்துவிட்டார். அவரைத் திட்டினேன். முன்சீட்டில் இருந்தவர்கள் திரும்பிப் பார்க்கும் அளவுக்குத் திட்டினேன். பாவம், போடி வந்து இறங்கும்வரை அந்த மனிதர் என் பக்கம் முகத்தைத் திருப்பவே இல்லை.

பேருந்து நிலையத்திலிருந்து அண்ணன் வீட்டுக்கு நடக்கும்போதே தெருமுனையில் ஃப்ளெக்ஸ் கட்டிக்கொண்டிருந்தார்கள். நம் ஊரில் ஃப்ளெக்ஸ் அடிப்பதற்கு மட்டும் யாரும் தாமதிப்பதில்லை. அண்ணனின் படம், இரண்டு பக்கமும் புறா, கீழே பெரிய எழுத்தில் 'எதற்கும் கலங்காத நெஞ்சம்' என்று போட்டிருந்தது. ஏணியில் நின்றவனிடம் அந்த வரியை எழுதச் சொன்னது யார் என்று கேட்டேன். கடைக்காரரே போட்டுவிட்டார், எல்லாருக்கும் அதுதான் போடுகிறது என்றான். அங்கேயே எனக்கு இரண்டாவது கோபம் வந்தது. பதினாறாம் நாள் காரியத்துக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்க அவரைப் பற்றி நாலு பக்கம் எழுதித் தரச் சொல்லிக் குடோன் பெண்கள் கேட்டபோது, அந்த வரி பொய் என்று எழுதுவதற்காகவே ஒப்புக்கொண்டேன்.

அவரைத் தெரியாமல் இதைப் படிப்பவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். தங்கராசு அண்ணன் எங்கள் ஏலக்காய்க் குடோனின் மேஸ்திரி. மலையிலிருந்து மூட்டைகளில் வரும் காயைச் சல்லடையில் சலித்துப் பருமன் பிரிப்பது, பிறகு பெண்கள் வரிசையாக உட்கார்ந்து முறத்தில் கொட்டி, வெடித்த காய், வெளுத்த காய், சுருங்கிய காய் என்று பொறுக்கித் தரம் பிரிப்பது, இதெல்லாம் அவர் பார்வையில் நடந்தது. நான் அதே கூடத்தின் மூலையில் கண்ணாடித் தடுப்புக்குள் பில் போடுகிறவள். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அவர் கடைசியாகப் படியிறங்கிய நாள்வரை அவரைப் பார்த்துக்கொண்டே என் பிழைப்பு போயிருக்கிறது.

பெண்களின் கையைப் பார்த்தே வீட்டு நிலவரம் சொல்லிவிடுவார். ராசிங்காபுரத்திலிருந்து வரும் பாண்டியம்மா ஒருநாள் நல்ல காயையும் வெடிப்புக் காயோடு சேர்த்துத் தள்ளிக்கொண்டிருந்தார். வேறு மேஸ்திரியாக இருந்தால் சத்தம் போட்டிருப்பார். அண்ணன் பேசாமல் அவருடைய முறத்தை எடுத்துக்கொண்டு போய்க் கிழக்கு ஜன்னலோரத்தில் வைத்தார். "இங்கிட்டு வந்து உக்காரு தாயி. வெடிப்புக் காயை மட்டும் எடு, போதும்" என்றார். அந்த இடத்தில் காற்று வரும், கூடத்துக்கு முதுகு காட்டி உட்காரலாம், கண்ணைத் துடைத்தால் யாருக்கும் தெரியாது. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பக்கத்தில் போய்க் குந்தி, "என்ன செய்யுது?" என்று கேட்டார். மகளுக்கு நிச்சயமான கல்யாணம் நின்றுபோயிருந்தது. வீட்டில் யாரிடமும் சொல்லி அழ முடியாமல் பாண்டியம்மா அதைக் குடோனுக்குச் சுமந்து வந்திருந்தார்.

அதுதான் அவர் வழக்கம். மனம் சரியில்லாதவருக்கு ஜன்னலோரம், வெடிப்புக் காய், பிறகு அந்த ஒரு கேள்வி. என்ன ஆச்சு, யார் என்ன சொன்னார்கள் என்றெல்லாம் துருவமாட்டார். "என்ன செய்யுது?" என்பார், அவ்வளவுதான். காய்ச்சல்காரரிடம் கேட்பதுபோல அவ்வளவு சாதாரணமாகக் கேட்பார். கேட்ட அடுத்த நொடி எதிரில் இருப்பவர் உடைந்துவிடுவார்.

என்னிடமும் கேட்டிருக்கிறார். வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம் முதலாளியோடு சண்டை போட்டு, சாவியை மேசைமேல் எறிந்துவிட்டு, வேலையே வேண்டாம் என்று செருப்பைத் தேடிக்கொண்டிருந்தேன். வாசலில் மறித்து அவருடைய கேள்வியைக் கேட்டார். ஒன்றும் செய்யவில்லை, கோபம் வருகிறது, வழியை விடுங்கள் என்றேன். சிரித்தார். "கோவம் முன்வாசல்ல நிக்கிது, அது தெரியுது தாயி. உள்ள யாரு இருக்கா?" என்றார். அப்பா ஆஸ்பத்திரியில் இருந்தார் அப்போது. பிழைப்பாரா என்று யாரும் சொல்லவில்லை. நான் அன்று வேலையை விடவில்லை. ஜன்னலோரத்தில் உட்கார்ந்து, பில் போடுகிறவள் காய் பொறுக்கினேன்.

இப்படிப்பட்டவருக்கு ஒரு பழக்கம் இருந்தது. சிகரெட். இளவயதில் பீடி, பிறகு சிகரெட். எங்கள் தொழிலில் அது சாமானிய விஷயம் இல்லை. ஏலக்காய் பக்கத்தில் இருக்கிற வாடையையெல்லாம் இழுத்துக்கொள்ளும். புகை நாறுகிற கை பட்டால் மூட்டையே கெட்டது. அதனால் குடோனில் ஒரு கட்டுப்பாடு. பிடிக்கிறவர்கள் கேட்டுக்கு வெளியே போய்ப் பிடிக்க வேண்டும். திரும்பி வரும்போது முற்றத்துக் குழாயில் சோப்புப் போட்டுக் கையைக் கழுவி, வாய் கொப்பளித்து, வெயிலில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும். அண்ணனின் கைகள் அந்தச் சோப்பிலேயே வெளிறிச் சொரசொரத்துப் போயிருந்தன. குழாய்ச் சத்தம் கேட்டால் அண்ணன் ஒன்றை முடித்துவிட்டார் என்று எங்களுக்குத் தெரியும்.

பல வருடம் அந்தச் சத்தத்தைக் கேட்டபிறகுதான் எனக்கு ஒன்று உறைத்தது. பாண்டியம்மா அழுது முடித்து முகம் கழுவிவிட்டு நிம்மதியாகத் தன் இடத்துக்குத் திரும்பியதும் குழாய்ச் சத்தம் கேட்டது. நான் அப்பாவைப் பற்றிச் சொல்லி முடித்ததும் கேட்டது. முதலாளி யாரையாவது கடிந்துகொள்ள, அண்ணன் நடுவில் புகுந்து சமாதானம் செய்துவைத்தால், அதற்குப் பிறகும் கேட்கும். எங்கள் பாரத்தையெல்லாம் வாங்கிக்கொண்டு அவர் கேட்டுக்கு வெளியே போய்க்கொண்டிருந்தார். அங்கே அவரிடம் என்ன செய்கிறது என்று கேட்க யாரும் இல்லை.

சந்திரா மதினி இறந்தபோதும் அப்படித்தான். அவர் மனைவி. போடிமெட்டுக்கு மேலே ஒரு எஸ்டேட்டில் காய் எடுக்கப் போய்வந்துகொண்டிருந்தார். விடிகிற நேரத்தில் ஜீப்பில் ஏறினால் பொழுது சாயத்தான் இறங்குவார். ஜீப்பை ஓட்டியது மதினியின் சொந்தத் தம்பி முருகேசன். பிள்ளைகள் இல்லாத வீடு, அந்த மூன்று பேர்தான் அதில் குடும்பம். மதினிக்கு வயிற்றில் கட்டி என்று தெரிந்தபோது முற்றிவிட்டிருந்தது. சாவு வீட்டில் அண்ணன் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. வந்தவர்களையெல்லாம் அவர்தான் தேற்றினார். பாடையைத் தூக்கும்போது சரிந்து விழுந்த முருகேசனை அவர்தான் தாங்கிப் பிடித்தார். நடுநடுவே வீட்டுக்குப் பின்னால் போய்ப் பிடித்துவிட்டு வந்தார். மனுசன் கல்லு மாதிரி நிற்கிறார் என்று ஊர் வியந்து பேசியது. இன்று ஃப்ளெக்ஸில் தொங்குகிற வரி அன்றே எழுதப்பட்டுவிட்டது என்று நினைக்கிறேன்.

பிறகு இருமல் வந்தது. குடோன் தூசி என்றார், பனி என்றார், மாடிப்படி ஏறும்போது வாங்கிய மூச்சுக்கு வயசு என்றார். இனியும் பொறுக்க முடியாது என்று நான்தான் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். டாக்டர் படத்தைப் பார்த்துவிட்டு, நுரையீரல் பாதிக்கு மேல் போய்விட்டது, இன்றோடு நிறுத்தினால் மிச்சத்தைக் காப்பாற்றலாம் என்றார். அங்கே புகையை விட நினைப்பவர்களுக்கென்று ஒரு ஆலோசகர் இருந்தார், சின்னப் பெண். காலையில் எழுந்ததும் எவ்வளவு நேரத்தில் முதல் சிகரெட் என்று கேட்டார். பல் விளக்குவதற்கு முன்னாலேயே என்றார் அண்ணன். உடம்பு கேட்பதற்குச் சூயிங்கம் மாதிரி மெல்லுகிற பசை ஒன்று தருகிறேன், அது சமாளித்துக்கொள்ளும், மனசு கேட்பதைத்தான் நாம் பேச வேண்டும் என்றார் அந்தப் பெண்.

அன்று நடந்த பேச்சை நான் மறக்கவே மாட்டேன். நேற்று சிகரெட்டை எடுக்கும்போது உங்கள் மனசில் என்ன இருந்தது என்று கேட்டார் அந்தப் பெண். பாண்டியம்மா மகளுக்கு வேறு இடம் பார்த்திருக்கிறார்கள், அதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம் என்றார் அண்ணன். அதற்கு முந்தியதற்கு? முதலாளி முகம் சரியில்லை. அதற்கும் முந்தி? முருகேசன் ஜீப்புக்கு டயர் மாற்ற வேண்டுமாம், கவலையில் இருந்தான். பெண் பொறுமையாகக் கேட்டுவிட்டு, அதெல்லாம் அவர்களுக்கு, உங்களுக்கு என்ன இருந்தது என்றார். அண்ணன் யோசித்தார். பிறகு திரும்பி என்னைப் பார்த்தார். எனக்குத் தெரிந்திருக்கும், நான் சொல்லிவிடுவேன் என்று அந்தப் பார்வையில் அப்படியொரு நம்பிக்கை இருந்தது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

அவர் வெளியே காத்திருந்தபோது நான் அந்தப் பெண்ணிடம் சண்டைக்கே போனேன். போடியில் இவரைவிட மனசு தெரிந்தவர் யாரும் இல்லை, இவரிடம் போய் மனசில் என்ன என்று கேட்கிறீர்களே என்றேன். அந்தப் பெண் கோபப்படவில்லை. "அடுத்தவங்க மனசைப் படிக்கிறது வேற, தன் மனசுல வர்றதுக்குப் பேர் தெரிஞ்சிருக்கிறது வேறக்கா. இவருக்குப் பயம் வந்தாலும், துக்கம் வந்தாலும், சும்மா அலுப்பா இருந்தாலும் எல்லாத்துக்கும் சிகரெட்டுன்னு ஒரே பேரு. அந்த ஒண்ணையும் நாம பிடுங்கப் போறோம். கூட ஆள் வேணும்" என்றார். பாதி புரிந்தது. மீதி புரிவதற்குள் காரியம் கெட்டுவிட்டது.

கெடுத்தது நம் ஊர்தான். தங்கராசு சிகரெட்டை விடுகிறார் என்று தெரிந்ததும் ஆளாளுக்கு ஏலக்காய் கொண்டுவந்து கொடுத்தார்கள். நாம் வேறென்ன செய்வோம்? வயிற்று வலிக்கு ஏலக்காய், வாய் நாற்றத்துக்கு ஏலக்காய், சாமிக்கு ஏலக்காய் மாலை. சிகரெட்டுக்கும் அதுவே மருந்து என்று முடிவு கட்டிவிட்டோம். முதலாளி தன் கையால் முதல் தரக் காயில் ஒரு கை அள்ளி அவர் சட்டைப்பையில் போட்டார். முருகேசன் மேலே எஸ்டேட்டிலிருந்து பச்சைக் காயே கொண்டுவந்தான். அண்ணன் நாளெல்லாம் மென்றுகொண்டிருந்தார். அவர் வாய்க்கு ஏதோ கேட்கிறது என்று நாங்கள் நினைத்தோம். என்ன செய்கிறது என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. அந்தப் பசையாலும் தன் பிடிவாதத்தாலும் எப்படியோ தாக்குப்பிடித்தார். முற்றத்துக் குழாய் சும்மா கிடந்தது.

சில வாரம் கழித்து அது நடந்தது. மேலேயிருந்து லோடு வந்து மூட்டை பிரித்துக்கொண்டிருந்தார்கள். புதிதாகக் காய்ந்த காய், கட்டை அவிழ்த்ததும் வாசம் கூடம் முழுக்க அடிக்கும். எங்களுக்கு அது பழகிப்போய் மூக்கில் ஏறுவதே இல்லை. அண்ணனுக்கோ புகையால் மூக்கே மரத்துப்போயிருந்தது, நிறத்தையும் பருமனையும் வைத்தே காலம் தள்ளினார். விட்டபிறகு வாசனை தெரியத் தொடங்குவதை அவரே கவனித்திருக்கவில்லை. கையில் ஒரு பிடி அள்ளி முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோனவர் அப்படியே நின்றார். பிறகு மூட்டைமேல் சாய்ந்து அழ ஆரம்பித்தார். வாய்விட்டு, தோள் குலுங்க அழுதார். சல்லடை நின்றது. பெண்கள் எழுந்துவிட்டார்கள். "சந்திரா வந்தா இப்பிடித்தான் இருக்கும்" என்றார். "சேலை, தலைமுடி, எல்லாம் இப்பிடித்தான் இருக்கும்."

மதினி போய் அப்போது வருடங்கள் ஆகியிருந்தன. மலையிலிருந்து இறங்கும் பெண்கள் ஒவ்வொருவர் மேலும் அந்த வாசம் இருக்கும். மதினி உயிரோடு இருந்த காலமெல்லாம் பக்கத்தில் படுத்த புருசனுக்கு அது சரியாகத் தெரியாமலே போயிருக்கிறது. இப்போது தெரிந்தது, ஆள் இல்லை. அன்றிலிருந்து லோடு பிரிக்கும்போதெல்லாம் அழுதார். சாப்பிடும்போது அழுதார். யாராவது ஊருக்குப் போகிறேன் என்றால்கூடக் கண் நிறைந்தது.

எங்களால் தாங்க முடியவில்லை. உண்மையைச் சொல்கிறேன், அவர் இருமியபோது இருந்ததைவிட அவர் அழுதபோது குடோன் அதிகம் பயந்துபோனது. எல்லோரும் சாய்ந்துகொண்டிருந்த தூண் அது. மூளை கலங்கிவிட்டது என்றார் ஒருவர். மந்திரிக்கக் கூட்டிப்போகலாம் என்றார் இன்னொருவர். வெளியூர் வியாபாரி வரும் நேரத்தில் இப்படி இருந்தால் எப்படி என்று முதலாளி முணுமுணுத்தார், ஒரு வாரம் வீட்டில் இரு என்றார். வீட்டில் தனியாக இருப்பதுதான் அந்த மனிதருக்குத் தாளவில்லை என்பது யாருக்கும் தோன்றவில்லை.

அவர் வேலைக்குத் திரும்பிய அன்று முருகேசன் ஜீப்பைக் கேட்டுக்கு வெளியே நிறுத்தினான். நான் உள்ளேயிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அண்ணன் இறங்கும்போதே கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். முருகேசன் சட்டைப்பையிலிருந்து ஒரு சிகரெட்டை எடுத்துத் தானே பற்றவைத்து அவர் கையில் கொடுத்தான். "ஒண்ணே ஒண்ணு இழுங்க மாமா, சரியாயிரும்." அவர் வாங்கிக்கொண்டார். நான் செருப்பில்லாமல் ஓடினேன். போய்ச் சேர்வதற்குள் பாதி எரிந்துவிட்டது. முருகேசனை நான் பேசிய பேச்சை இங்கே எழுத முடியாது. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவன், "அவரு அழுகுறத என்னால பாக்க முடியலக்கா" என்றான். அவன் சொன்னது பொய்யில்லை. அண்ணன் குழாயடியில் கையைக் கழுவிவிட்டு, வெயிலில் நின்றுவிட்டு, உள்ளே வந்தார். முகம் பழையபடி அமைதியாக இருந்தது. பெண்கள் பெருமூச்சு விட்டார்கள். முதலாளிகூட அன்று எல்லோருக்கும் டீயும் வடையும் வாங்கிக்கொடுத்தார். அன்பிருக்கிறவர்கள் சேர்ந்துதான் அவரை மறுபடி அதற்குள் தள்ளினோம்.

அடுத்த மழைக்காலத்தில் மூச்சு அடைத்து, ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் குழாய் மாட்டிப் படுத்திருந்துவிட்டு வந்தார். மிச்சமும் போய்க்கொண்டிருக்கிறது என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். வீட்டில் இருக்கச் சொன்னால் கேட்காமல் குடோனுக்கு வந்தார். மேஸ்திரி நிற்கும் இடத்துக்குப் போகவில்லை. நேராகக் கூடத்தைக் கடந்து போய், ஒரு முறத்தை எடுத்துக்கொண்டு, கிழக்கு ஜன்னலோரத்தில் கூடத்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார்.

அவ்வளவு பேரும் அதைப் பார்த்தோம். ராக்கம்மா அக்கா, குடோன் பெண்களில் மூத்தவர், மேஸ்திரிக்கே பயப்படாதவர், எழுந்து போய் வெடிப்புக் காய் கலந்த குவியலை அவர் முறத்தில் கொட்டினார். மதியம்வரை விட்டுவிட்டார். சாப்பாட்டுக்குப் பிறகு பக்கத்தில் போய்க் குந்தினார். "என்னண்ணே செய்யுது?"

அண்ணன் கையிலிருந்த காயை முறத்தில் போட்டுவிட்டு, "தெரியலயே ஆத்தா" என்றார். அக்கா, தெரியாட்டிப் போகுது என்று சொல்லி அங்கேயே இருந்தார். அன்று குழாய்ச் சத்தம் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு ஆள் மாற்றி ஆள் கேட்டோம். கைக்கு ஏதோ வேண்டும்போல இருக்கிறது என்பார் முதலில். உள்ளே யாரு என்று நான் அவர் வார்த்தையையே அவரிடம் திருப்பிப் போடுவேன். முறைப்பார், பிறகு தேடுவார். உண்மையாகவே தேடுவார், சட்டைப்பையில் சாவியைத் தேடுகிற மாதிரி முகம் இருக்கும். ஒருநாள், "வெறிச்சுன்னு இருக்கு" என்றார். இன்னொரு நாள், முதலாளி மேல் கோபமாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு, சொன்னதற்கு அவரே வெட்கப்பட்டார். முதலாளியிடம் போய் நான் அதைச் சொன்னேன். அவர் கோபிப்பார் என்று பார்த்தால், ஜன்னலோரத்துக்குப் போய் அண்ணனுக்கு எதிரில் உட்கார்ந்தார், இருவருமாகக் காய் பொறுக்கினார்கள். அழுகை வந்த நாட்களில் அண்ணன் அழுதார். நாங்கள் பயப்படாமல் இருக்கப் பழகிக்கொண்டோம். "அன்னைக்கே அவ முன்னாடி அழுதிருக்கணும் தாயி. படுத்துக் கெடந்தப்ப என் மூஞ்சியவே பாத்துக்கிட்டு இருந்தா. நான் சிரிச்சுக்கிட்டே நின்னுட்டேன்" என்று ஒருமுறை சொன்னார்.

மழை விட்டபிறகு மலைக்குப் போக வேண்டும் என்று அண்ணன் கேட்டார். முருகேசன்தான் ஓட்டினான், நானும் போனேன். போடிமெட்டு ஏறும்போது வழக்கமாக ஜீப்காரர்கள் நிறுத்தும் வளைவில் அவன் பழக்கதோஷத்தில் நிறுத்திச் சிகரெட்டை எடுத்துவிட்டான். எடுத்தவன் எங்களைப் பார்த்துவிட்டு உள்ளே வைத்தான். மதினி வேலை பார்த்த எஸ்டேட்டில் இறங்கி நடக்க அண்ணனிடம் மூச்சு இல்லை. முருகேசன் தோட்டத்துக்குள் போய் ஒரு இலையைக் கிழித்துக் கசக்கிக் கொண்டுவந்து நீட்டினான். அண்ணன் அதை முகத்தில் வைத்துக்கொண்டு கண்ணை மூடியிருந்தார். கண்ணைத் திறந்து, "நல்லாருக்கு" என்றார். அதுவும் அவர் புதிதாகக் கற்றுக்கொண்ட ஒரு சொல்தான்.

கடைசி வாரம் ஆஸ்பத்திரியில் இருந்தார். நான் பார்த்த கடைசிப் பிற்பகலில் முருகேசனும் இருந்தான். அண்ணனுக்கு மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது, கண் அலைபாய்ந்தது, விரல்கள் போர்வையின் ஓரத்தை நெருடிக்கொண்டே இருந்தன. அந்த விரல்களை முருகேசனால் பார்க்க முடியவில்லை. என்னைத் தாண்டிக் குனிந்து, இனி என்ன ஆகப் போகிறது, வேண்டுமானால் வெளியே வராந்தாவுக்குத் தூக்கிக்கொண்டு போகிறேன், ஒரு இழுப்பு இழுத்துக்கோங்க மாமா என்று காதில் சொன்னான். இந்த முறை நான் சத்தம் போடவில்லை.

அண்ணன் தலையை அசைத்தார். நெருடிக்கொண்டிருந்த கையை நீட்டி முருகேசனின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். "வேணாம் மாப்ளே. எனக்குப் பயமா இருக்கு. செத்த நேரம் பக்கத்துல உக்காரு" என்றார்.

முருகேசன் உட்கார்ந்தான். கட்டிலின் விளிம்பில், கையை விடுவிக்காமல், நான் கிளம்பும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தான். அவன் அழுதான், அண்ணனும் அழுதார். விரல்கள் போர்வையைத் தேடவில்லை. மறுநாள் காலையில் ராக்கம்மா அக்காவின் போன் வந்தது.

எனக்கு ஆறவே இல்லை. அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லக் கற்றுக்கொள்ள அவருக்கு ஒரு ஆயுள் பிடித்தது, சொல்லும்போது மூச்சு தீர்ந்துவிட்டது. மதினியின் கட்டிலருகே அதைச் சொல்லியிருந்தால், சாவு வீட்டின் பின்புறத்தில் யாராவது போய் அவரைக் கேட்டிருந்தால், இன்று அவர் சல்லடைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருப்பார். அதனால்தான் சொல்கிறேன், தெருமுனையில் தொங்குவதை நம்பாதீர்கள். அவர் கலங்காத நெஞ்சம் இல்லை. கலங்கியதை மறைத்து மறைத்துச் செத்தவர், கடைசியில் மறைக்காமல் இருக்கக் கற்றுக்கொண்டவர். அவர் செய்ததிலேயே கஷ்டமான சோலி அதுதான், பக்கத்தில் இருந்து பார்த்த நான் சொல்கிறேன்.

அடக்கம் முடிந்து குடோன் திறந்த அன்று எனக்கு எல்லோர் மேலும் எரிச்சலாக வந்தது. லோடு ஏற்ற வந்தவரிடம் எரிந்து விழுந்தேன். பாண்டியம்மாவிடம் எரிந்து விழுந்தேன். பேனா எழுதவில்லை என்று அதைச் சுவரில் எறிந்தேன். சுவரில் பட்டு விழுந்த பேனாவைப் பார்த்தபோது பேருந்தில் காலை மிதித்த மனிதரின் முகம் நினைவுக்கு வந்தது. அண்ணனுக்கு எல்லாவற்றுக்கும் சிகரெட் என்று ஒரே பேர். எனக்குக் கோபம் என்று ஒரே பேர். அவர் அதை முதல் வருடமே கண்டுபிடித்துவிட்டார். வாசலில் மறித்துக் கேட்டது அதைத்தான்.

கண்ணாடித் தடுப்பைத் திறந்துகொண்டு வெளியே வந்தேன். கிழக்கு ஜன்னலோரம் காலியாக இருந்தது, அவர் போனபிறகு அங்கே யாரும் உட்காரவில்லை. போய் உட்கார்ந்தேன். கூடத்துக்கு முதுகைக் காட்டி, அவர் உட்கார்ந்த மாதிரியே உட்கார்ந்தேன். ராக்கம்மா அக்கா வந்து பக்கத்தில் குந்தினார்.

"என்னடி செய்யுது?"

கோபம் வருகிறது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "அழுகை வருதுக்கா. அண்ணன் இல்லாம என்னால முடியல" என்றேன்.

அக்கா ஒரு முறத்தை என் பக்கம் நகர்த்தி வைத்தார். "வெடிப்புக் காயை மட்டும் எடு, போதும்" என்றார்.